அரைக் கட்டை

விருதுநகர்
3.8.2025

அன்புள்ள ஞானபூரணி டீச்சருக்கு,

செல்வக்குமார் எழுதுகிறேன். எந்தச் செல்வக்குமார் என்று யோசிக்க வேண்டாம். உங்கள் சபைக் கேசட்டைப் பதிவு செய்த அதே ஆள்தான். போன மாதத்தில் நான்கு தரம் போன் செய்தேன். மூன்று தரம் என் "ஹலோ"வைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். நாலாவது தரம் மணியே அடிக்கவில்லை. "நம்பரை பிளாக் பண்ணிட்டாங்கப்பா" என்றாள் என் மகள் ரோஷினி. சிவகாசி இங்கிருந்து முக்கால் மணி நேரம்தான். வந்து நின்றால் கதவைச் சாத்திவிடுவீர்களோ என்று கூச்சமாக இருக்கிறது. அதனால் பள்ளிக்கூட விலாசத்துக்கு இந்தக் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னையில் தருண்குமார் என்று ஒருவர், பழைய ஒலிநாடாக்களைத் தேடிப் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறவர். நம் கேசட்டை யார் வீட்டிலோ கேட்டிருக்கிறார். மூல டேப் என்னிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அடுத்த ரயிலில் வந்துவிட்டார். "சார், ஒரு தூசியைக்கூடத் தட்டாதீங்க. அந்த டேப்போட நிறம் அப்படியே வேணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

சத்தத்துக்கு என்ன நிறம் என்பீர்கள். சிவகாசியில் அப்போது இருந்த எங்கள் அச்சகத்து மாடி ஞாபகம் இருக்கிறதா? எதிரொலி வராமல் இருக்க, விற்காத நாள்காட்டிக் கட்டுகளைச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தேன். மெட்ராஸ் ஸ்டுடியோ ஒன்றில் கழித்துப் போட்ட ரீல் மெஷின். டேப் இருக்கிறதே, அது சத்தத்தை உள்ளது உள்ளபடி வாங்காது டீச்சர். ஓங்கிப் பாடினால் கூர்மையை லேசாக அமுக்கும். கீழ்ச் சுரங்களுக்குக் கொஞ்சம் சதை வைக்கும். எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக ஒரு இரைச்சலைப் போர்த்தும். கம்ப்யூட்டரில் பதிந்த குரல் கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி. டேப்பில் பதிந்தது அதே தட்டில் சோறு போட்ட மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. டேப் இருபத்தாறு வருஷமாகச் சுற்றியே கிடந்ததில், ஒரு சுற்றில் உள்ள சத்தம் பக்கத்துச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் 'மலையோரம்' என்று எடுப்பதற்கு ஒரு விநாடி முன்னாலேயே, எங்கேயோ தூரத்தில், நீங்களே 'மலையோரம்' என்கிறீர்கள். அதைக் கேட்டதும் தருண்குமார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

பாடியவரின் சம்மதம் எழுத்தில் வேண்டுமாம். படிவம் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். சபையில்கூட இப்போது நீங்கள் பாடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

இப்படிக்கு
செல்வக்குமார்


சிவகாசி
11.8.2025

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

படிவம் கையெழுத்தில்லாமல் திரும்ப வருகிறது.

கேள்விப்பட்டேன் என்று எழுதக் கை கூசவில்லையா? கேள்விப்படுகிற தூரத்திலா இருந்தீர்கள்? நான் பாடாமல் போனதற்கு யார் காரணம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் எழுதுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள்.

2002 மே மாதம், அதே மாடி. இரண்டாவது கேசட்டுக்கு முதல் பாட்டைப் பாடி முடித்தேன். சபைக் கமிட்டியார் ஆறு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போட்டுக் கேட்டதும் ஒருவர் "பழைய கேசட் மாதிரி இல்லையே" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். நீங்கள் என்னைச் சுருதியை அரைக் கட்டை ஏற்றிப் பாடச் சொன்னீர்கள். பாடினேன். உச்சிக்குப் போன இடத்தில் குரல் பிளந்தது. மறுபடி பாடினேன், மறுபடி பிளந்தது. மூன்றாம் தரமும் அதே இடம். நீங்கள் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "தங்கச்சிக்குக் குரல் போயிருச்சுய்யா. மூணு வருசத்துக்கு முந்தி இருந்த குரல் இல்ல இது. வேற ஆளப் பாருங்க."

வேறு ஆளைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

மதுரையில் தொண்டை டாக்டரைப் பார்த்தேன். "ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். அவரை நம்பவில்லை, உங்களை நம்பினேன். சித்தரத்தை, அதிமதுரம், பாலில் மிளகு என்று யார் எதைச் சொன்னாலும் தின்றேன். வீட்டில் யாரும் இல்லாதபோது கேசட்டைப் போட்டு அதோடு சேர்ந்து பாடிப் பார்ப்பேன். அது ஏறி நிற்கிற இடத்துக்கு என்னால் போக முடியாது. அழுதுவிட்டு நிறுத்துவேன். மறுவருடம் பெர்சிஸ் பிறந்தாள். அவளுக்கு ஒரு தாலாட்டுக்கூட நான் பாடவில்லை. கேசட்டைப் போட்டுத்தான் தூங்க வைத்தேன். நாலு வயதில் அவள் கேட்டாள்: "பொட்டிக்குள்ள இருக்க அம்மா நல்லாப் பாடுதாங்க. நீங்க ஏன் பாட மாட்டேங்கீக?"

ஞாயிறு ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக இதுதான் நடக்கிறது. இப்போது வெளியூர்க்காரர்களும் கேட்டுவிட்டு, "எங்கே, ஒரு வரி பாடுங்களேன்" என்று வந்து நிற்க வேண்டுமா?

வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

ஞானபூரணி


விருதுநகர்
17.8.2025

டீச்சர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. மைக் செட் வேலைக்கு ஆமத்தூர் போனவன் ஒயரை மறந்துவிட்டுப் போய் ஏச்சு வாங்கினேன்.

ஒரு விஷயம் தெரிய வந்திருக்கிறது. போன வாரம் சும்மா இருக்க மாட்டாமல் நம் பழைய ஆர்மோனியத்தை எடுத்துத் துடைத்தேன். டேப்பை ஓட விட்டுக் கூடவே வாசித்தேன். சேரவில்லை. நீங்கள் அன்று பாடியது ஐந்து கட்டை. டேப்பில் வருவது ஐந்தரை. டேப்பில் வாசிக்கிறதும் இதே ஆர்மோனியம்தான். அது தனக்குத் தானே சேராமல் போகுமா?

அப்புறம்தான் பொறி தட்டியது. முதல் கேசட் பதிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை லைன் வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். வாரநாளில் கீழே அச்சு மெஷின் ஓடும், ஞாயிறை விட்டால் ஒரு வாரம் போய்விடும். பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி அய்யாதுரை முதலாளி தன் ஜெனரேட்டரைக் கொடுத்தார். இருமல்காரக் கிழட்டு ஜெனரேட்டர். இந்த ரீல் மெஷினின் மோட்டார் கரண்டின் துடிப்பைப் பார்த்துத்தான் சுற்றும். விநாடிக்கு ஐம்பது துடிப்பு வர வேண்டும். அதில் நாற்பத்தேழு வந்திருந்தால் அதிகம். டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பதிந்ததை ஒழுங்கான கரண்டில் போட்டால் வேகமாக வரும். பாட்டுக்கு ஒரு துள்ளல் வரும், குரல் அரைக் கட்டை ஏறும், இளசாகவும் கேட்கும்.

உங்களுக்குக் குரல் போகவே இல்லை டீச்சர். 1999இலும் ஐந்து கட்டை, 2002இலும் ஐந்து கட்டை. நடுவில் கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. எனக்கே இப்போதுதான் தெரியும். சத்தியமாக இப்போதுதான்.

வேகத்தைச் சரிசெய்து பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு தரம் கேளுங்கள்.

செல்வக்குமார்


சிவகாசி
26.8.2025

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

பென் டிரைவை நான்கு நாள் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். பத்தாம் வகுப்புக்கு விகிதம் நடத்திக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திவிட்டு, கரும்பலகையின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். கேசட்டில் அந்தப் பாட்டு நாலு நிமிடம் பதினைந்து விநாடி. ஐம்பதால் பெருக்கி நாற்பத்தேழால் வகுத்தால் நாலு நிமிடம் முப்பத்தொரு விநாடி. பதினாறு விநாடி, அவ்வளவுதான். அந்தப் பதினாறு விநாடியில் என் பாதி ஆயுள் போயிருக்கிறது. பிள்ளைகள் "டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்டார்கள்.

குரல் போகவில்லை என்று கேட்டதும் நான் துள்ளிக் குதிப்பேன் என்று எதிர்பார்த்தீர்களா? எனக்கு வயிறு எரிகிறது. போகவில்லை என்றால், இத்தனை வருடம் இந்த ஊர் கொண்டாடியது யாரை? கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் ஓட விட்டது யார் குரலை? ஜெனரேட்டரின் குரலையா? என்னிடமிருந்து எதுவும் போகவில்லை என்று சொல்லுகிற அதே வாயால், என்னிடம் அது இருந்ததே இல்லை என்றும் சொல்லுகிறீர்கள்.

டேப் நிறம் சேர்க்கும் என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். அமுக்கும், சதை வைக்கும், இரைச்சலைப் போர்த்தும், சரி. வயதைக்கூடக் குறைக்கும் போலிருக்கிறது. எதுவரை நிறம், எங்கிருந்து பொய்? கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

சனிக்கிழமை சமையலறையில் வைத்துக் கேட்டேன். அது கனமான குரல். அவசரமே இல்லாத குரல். மூச்சு எடுக்கிற இடமெல்லாம் தெரிகிறது. என் வீட்டுக்காரர் ஜேசுதாசன் கடைக்குக் கிளம்பியவர் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டார். "இதுதான் பூரணி, நான் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு நீ பாடுனது" என்றார். கேசட் வேறு மாதிரி இருக்கிறதே என்று இத்தனை நாள் சொல்லக் கூடாதா என்று கத்தினேன். "கேசட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார். இந்த மனுசனோடு இருபத்தேழு வருடம்!

ஒரே ஒரு கேள்வி. இப்போதுதான் தெரியும் என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள். அப்படியென்றால் 2002இல் சரியாக அரைக் கட்டை ஏற்றச் சொன்னது எப்படி? ஒரு கட்டை சொல்லவில்லை, ஒன்றரை சொல்லவில்லை. சரியாக அரை.

ஞானபூரணி


விருதுநகர்
4.9.2025

டீச்சர்,

நீங்கள் கேள்வி கேட்கிற தோரணையைப் பார்த்தால் நான் கூண்டில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கமிட்டிக்காரர் பழைய கேசட்டைப் பற்றிச் சொன்னார், காதில் இருந்த ஞாபகத்தை வைத்து அரைக் கட்டை என்றேன். இது என் தொழில். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது?

நல்ல சேதி ஒன்றைச் சொல்லத்தான் எழுதினேன். உங்களுக்கு அதில் சந்தோஷம் இல்லையென்றால் நான் என்ன செய்ய முடியும்? தருண்குமார் ஒரு பக்கம் நெருக்குகிறார். பழைய டேப்பின் துள்ளல்தான் அவருக்கு வேண்டுமாம், திருத்தியதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினார். தீபாவளி விளம்பர அறிவிப்பு வேலை வேறு கழுத்தை நெரிக்கிறது. குரல் பதிந்து வாங்க ஆட்டோ ஆட்டோவாக வந்து நிற்கிறது.

படிவத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன்.

செல்வக்குமார்


சிவகாசி
9.9.2025

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

முதல் கேசட்டின் அட்டையை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பின்பக்கம், நான்காவது வரி: 'புல்லாங்குழல்: வெம்பக்கோட்டை சோலைச்சாமி.'

கேசட்டில் புல்லாங்குழல் எங்கே இருக்கிறது? முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் கேட்டுவிட்டேன். இல்லை.

காலண்டர் வேலை தொடங்கிவிட்டால் அச்சு மெஷின் கிடைக்காது என்று, பாட்டைப் பதிவு செய்யும் முன்பே அட்டையை அச்சடித்து அடுக்கியவர்கள் நீங்கள். என் பாட்டு முடிந்ததும், "புதன்கிழமை சோலைச்சாமி வந்து டேப்பைக் கேட்டுக்கிட்டே ஊதிருவாரு, நீங்க வர வேண்டியதில்ல" என்றீர்கள். அட்டையில் பெயர் நிற்கிறது, ஆளைக் காணவில்லை.

அந்தப் புதன்கிழமை சோலைச்சாமி வந்தாரா, வரவில்லையா?

ஞானபூரணி


விருதுநகர்
21.9.2025

டீச்சர்,

வந்தார்.

பத்து நாளாக இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துக்கொண்டிருந்தேன். இன்று முழுதாக எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை மதியம் வந்தார். அன்று நல்ல கரண்ட். டேப்பை ஓட விட்டேன். ஊதிப் பார்த்தார், சேரவில்லை. பையிலிருந்து வேறு குழல் எடுத்தார், அதுவும் சேரவில்லை. மூன்றாவதும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அண்ணாச்சி, ஒங்க டேப்பு ஏறிக் கெடக்கு. அந்தப் பிள்ள இம்புட்டு ஒசரத்துலயா பாடுச்சு? ஆர்மோனியத்த வாசிச்சுப் பாருங்க." வாசித்துப் பார்த்தேன். அரைக் கட்டை. ஜெனரேட்டர்தான் காரணம் என்று அந்த நிமிடமே புரிந்துவிட்டது. "அடுத்த வாரம் வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டேன். அப்புறம் கூப்பிடவே இல்லை. மூன்று வருஷம் முன்பு காலமாகிவிட்டார்.

உங்களைக் கூப்பிட்டு மறுபடி பாடச் சொல்லத்தான் நினைத்தேன். கேளுங்கள், நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் சாயங்காலம் கமிட்டிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார், போட்டுக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "செல்வக்குமாரு, மெட்ராசுலகூட இந்தப் பளபளப்பு வராதுய்யா. ஒங் கையில என்னமோ இருக்கு" என்றார். அய்யாதுரை முதலாளியும் அதையே சொன்னார். என் அப்பாவுக்கு நான் எப்போதுமே ரேடியோப் பெட்டியை நோண்டுகிறவன்தான். அவர் மாடிப்படி ஏறி வந்து, நின்றபடியே முழுப் பாட்டையும் கேட்டார். அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ வாங்கி வரச் சொன்னார். அதை நான் எப்படி விடுவேன் டீச்சர்?

அப்படியே விட்டுவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. 2002இல் செய்ததுதான் பாவம். அன்று ஜெனரேட்டர் இல்லை. டேப் ஒழுங்காக ஓடியது. உங்கள் குரல் உங்கள் குரலாகவே வந்தது. ஆறு பேருக்கும் முகம் மாறிவிட்டது. உங்களை ஏற்றிப் பாட வைத்துச் சமாளிக்கப் பார்த்தேன். பிளந்தது. ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மெஷின் என்று சொன்னால் என் பேர் போகும். குரல் என்று சொன்னால் உங்கள் பேர் போகும். யோசிக்கக்கூட இல்லை. வாயில் வந்துவிட்டது.

நீங்கள் பாட்டு நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனீர்கள். கொஞ்ச நாளில் சரியாகி எங்கேயாவது பாடிவிடுவீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பர் தேடி உங்களுக்குப் போன் செய்தது தருண்குமாருக்காக. நீங்கள் பாடுவதையே விட்டுவிட்டீர்கள் என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன். அதிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. இப்போதுதான் தெரியும் என்று போன மாதம் சத்தியம் செய்தது பொய். நான் செய்தது தப்பு, தெரிந்தே செய்த தப்பு.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டேப் செய்தது நிறம். அதை நான் மறைத்தது பொய். கோடு அங்கேதான் விழுகிறது.

செல்வக்குமார்


சிவகாசி
30.9.2025

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

வாசித்தேன். ஒரு வாரமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. காலாண்டுப் பரீட்சைத் தாள்களை முதல்முறையாகத் தாமதமாகத் திருத்திக் கொடுத்தேன். உங்கள் அப்பா வாங்கி வரச் சொன்ன டீயைத்தான் மறுபடி மறுபடி வாசித்தேன். அந்த ஒரு டீக்காகவா என்று ஆத்திரமாக வருகிறது. எனக்கும் ஒரு அப்பா இருந்தார். குரல் போய்விட்டது என்று தெரிந்தபின் அவர் என்னைப் பாடச் சொல்வதையே நிறுத்திவிட்டார். கடைசிவரை சொல்லவில்லை.

இதை எனக்கு எழுதி என்ன பிரயோஜனம்? அன்று சொன்னது என்னிடமா? ஆறு பேர் முன்னால் சொன்னீர்கள். அதில் மூன்று பேர் இப்போது இல்லை. மீதி மூன்று பேர் இன்னும் முன் பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். அவர்கள் காதில் விழ வேண்டும்.

போதகர் ஐயா பெயருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகளோடு வாசிக்கச் சொல்லி நான் கேட்டுக்கொள்கிறேன். சுற்றி வளைக்காமல், உங்கள் பெயரோடு எழுதுங்கள். உங்கள் பேர் போகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அதற்குப் பிறகு படிவத்தைப் பற்றிப் பேசலாம்.

ஞானபூரணி


விருதுநகர்
30.10.2025

டீச்சர்,

ஒரு மாதம் ஆகிவிட்டது. பின்வாங்கிவிட்டான் என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தது சரிதான். தீபாவளி முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்ததும், அடை மழை முடியட்டும் என்றேன். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் ஜெனரேட்டரைத் திட்டியிருந்தேன், ஒன்றில் மின்வாரியத்தை, ஒன்றில் அந்தக் காலத்தை. என்னைத் தவிர எல்லாரும் அதில் இருந்தார்கள்.

கிழித்ததில் ஒன்றை ரோஷினி எடுத்து ஒட்டி வாசித்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டை வைத்துவிட்டு எழுந்தாள். "அவங்களுக்கு மக இருக்காளாப்பா?" என்று கேட்டாள். இருக்கிறாள், மதுரையில் நர்ஸ், உன்னைவிட ஒரு வயது சின்னவள் என்றேன். "அவகிட்ட யாருப்பா சொல்லுவா?" என்றாள். அதற்கு அப்புறம் கிழிக்கவில்லை.

போதகர் ஐயாவுக்கு எழுதியதை நேற்றுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நகல் இத்துடன். பதினொரு வரிதான். 'ஞானபூரணி டீச்சரின் குரலில் அன்றும் குறை இல்லை. குறை இருந்தது என் மெஷினில். அது தெரிந்தும் ஆறு பேர் முன்னிலையில் அவர் மேல் பழியைப் போட்டேன்.' நடுவில் இந்த மூன்று வரிதான் முக்கியம்.

விருதுநகரில் இப்போது என்னிடம் மைக் செட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் சபை வழியாக வருகிறவர்கள். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

தருண்குமார் கேட்கிறார், எந்தப் பதிவைப் போடுவது என்று. அவருக்குப் பழையது வேண்டும். எனக்குத் திருத்தியதைப் போட வேண்டும். உலகத்துக்கு உங்கள் நிஜக் குரல் போகட்டும் என்று ஆசையாக இருக்கிறது. முடிவு உங்களுடையது.

செல்வக்குமார்


சிவகாசி
10.11.2025

செல்வக்குமார் அண்ணாச்சிக்கு,

நேற்று வாசித்தார்கள்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சனிக்கிழமை முழுவதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெர்சிஸ் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். போதகர் ஐயா முதலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தை அறிவித்தார். அடுத்தது ஒரு திருமண அறிக்கை. மூன்றாவதாக உங்கள் கடிதம். நிறுத்தி நிதானமாக வாசித்தார். நான் மடியில் கர்சீப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஜெனரேட்டர் என்கிற இடம் வந்ததும் பின்னால் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன் பெஞ்சுப் பெரியவர் ஒருவர் திரும்பி, "அப்படியா சங்கதி! ஜெனரேட்டரு பண்ண வேலையாம்ல!" என்று என்னைப் பார்த்து நன்றாகவே சிரித்தார். அவரும் அந்த ஆறு பேரில் ஒருவர். எதற்காக அன்று தலையாட்டினோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை. மற்ற இருவரில் ஒருவருக்குக் காது கேட்காது, இன்னொருவர் சேர்ந்து சிரித்தார். அப்புறம் ஐயா, அசன விருந்துக்கு அரிசி கொடுக்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கும்படி அறிவித்தார். அவ்வளவுதான் அண்ணாச்சி. இருபத்து மூன்று வருடத்துக்கு ஒரு நிமிடச் சிரிப்பு. உங்கள் பேர் ஒன்றும் போகவில்லை. வெளியே வந்தபோது இரண்டு பேர் கிறிஸ்துமஸ் மைக் செட்டுக்கு உங்கள் நம்பரைக் கேட்டார்கள்.

எனக்கு முதலில் எழுந்து கத்த வேண்டும் போல் இருந்தது. யார் பேச்சுக்குப் பயந்து நான் வாயை மூடினேனோ, அவர்கள் யாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கவே இல்லை. நான் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் என் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது.

கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதல் வரியில் வழக்கம்போல வாயை அசைத்தேன். இரண்டாவது வரியில் சத்தத்தை விட்டேன். பிசிறியது, துருப்பிடித்த கீல் மாதிரி. பெர்சிஸ் சட்டென்று என் கையைப் பிடித்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது வரியில் குரல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. கனமாக, மெதுவாக, அந்தச் சமையலறையில் கேட்டேனே, அதே குரல். ஐம்பத்தொரு வயதுக்கு உள்ள கரகரப்பும் அதில் இருக்கிறது. சந்தோஷமாக இருந்தது அண்ணாச்சி. வேறு எப்படிச் சொல்ல? சந்தோஷமாக இருந்தது.

முன் வரிசையில் நின்ற ஒரு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் மருமகளிடம், "யாருட்டி இது, புதுக் குரலா இருக்கு? வெளியூர்க்காரங்களா?" என்று கேட்டார்கள். அந்த அம்மா வீட்டில் இன்றைக்கும் காலையில் எழுந்ததும் என் கேசட்தான் ஓடும்.

அதனால் உங்கள் கேள்விக்கு என் முடிவு இதுதான். பழையதையே போடச் சொல்லுங்கள். அந்தத் துள்ளல்தான் ஜனங்களுக்குப் பிடித்தது, அதை நான் ஏன் பிடுங்க வேண்டும்? படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாடியவர் என்ற இடத்தில் மட்டும் என் பெயரை அடித்துவிட்டேன். அங்கே ஒன்றும் போட வேண்டாம். அது நான் இல்லை.

திருத்திய பதிவை யாருக்கும் கொடுக்காதீர்கள். பெர்சிஸ் தன் போனில் ஏற்றிக்கொண்டாள், அது போதும்.

நான் பாடுவதைக் கேட்க வேண்டுமென்றால் ஞாயிறு காலை எட்டரைக்கு ஆராதனை. வலது பக்கம் மூன்றாவது பெஞ்சில் இருப்பேன். ரோஷினியையும் கூட்டி வாருங்கள். மெஷின் எதுவும் கொண்டு வர வேண்டாம்.

ஞானபூரணி